ஆட்சேபணை எண்ணிக்கை: ஒன்று

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்பது நீயாக எழுதினால்தானே தெரியும்? பெரிய ஆபீஸில் வேலை பார்க்கிறவர், நேரம் எங்கே இருக்கப் போகிறது!

நேற்று இரண்டு பேர் வந்து, தெரு முழுக்கச் சுவர்களில் சிவப்புப் பெயின்டில் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். சாலையை அகலப்படுத்தப் போகிறார்களாம். நம் வீட்டுக் கோடு முன்னறையைத் தாண்டி விழுந்திருக்கிறது. என் தையல் மிஷின் நிற்கிற இடம் இனிமேல் ரோடு. "பின்னாடி ரூம்ல வெச்சுத் தைச்சுக்கோயேன்" என்கிறார் உன் மாமா. அந்த அறைக்கு ஒரு ஜன்னல் உண்டா? பகலிலேயே சுவரைத் தடவிக்கொண்டுதான் நடக்க வேண்டும். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு அங்கே ஊசியில் நூல் கோக்கவா?

முப்பது நாளுக்குள் ஆட்சேபணை தெரிவிக்கலாம் என்று விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருக்கிறார்கள். அடியில் உன் ஆபீஸ் முத்திரை. தெருவாசிகள் சங்கம் ஆரம்பித்துவிட்டோம். சலூன்காரர் தலைவர், நான் செயலாளர். சிரிக்காதே. "உங்க தம்பி அங்கதானே இருக்காரு, அப்புறம் என்ன?" என்று எல்லோரும் தைரியமாக இருக்கிறார்கள். ஒரு நல்ல மனு எழுதி அனுப்பு.

உன் அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டாதே, உடனே எழுதிவிட்டேன். மனுவின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். தெரியாத அதிகாரிக்கு எழுதுவதால் வெறும் "ஐயா" என்றுதான் தொடங்க வேண்டும்; "அன்புள்ள" எல்லாம் கூடாது. உன் கையால் பிரதி எடுத்துக்கொண்டு என் காகிதத்தைக் கிழித்துவிடு. நான் எழுதியது என்று யாரிடமும் சொல்லாதே. வெளியே தெரிந்தால் என் வேலைக்கு ஆபத்து.

நேர்முகத் தேர்வுக்கு நான் போட்டுக்கொண்டு போன சட்டையை நீ அந்த முன்னறையில்தான் தைத்தாய். மறக்கவில்லை.

உன் தம்பி

மார்ச் 24

அன்புள்ள தம்பிக்கு,

அடேயப்பா, என்ன எழுத்துடா உனக்கு! "வாழ்வாதாரம் பாதிக்கப்படும்" என்ற இடத்தை வாசித்தபோது சலூன்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானே எழுதினேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு வாரமாக எனக்கு ஏக மரியாதை.

எல்லோர் வீட்டிலிருந்தும் தனித்தனியாக மனு போகட்டும் என்று முடிவு செய்தோம். தினமும் சாயங்காலம் என் முன்னறையில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து உன் மனுவைப் பார்த்து எழுதினார்கள். ஒரு எழுத்து மாறக்கூடாது என்று பக்கத்திலேயே நின்றேன். "கடை போயிட்டா என் நாற்காலியை எங்க போடுவேன்னு ஒரு வரி சேத்துக்கட்டுமா?" என்று சலூன்காரர் கெஞ்சினார். "அதெல்லாம் ஆபீஸுக்குப் புரியாது, இதுல உள்ளதை மட்டும் எழுதுங்க" என்று அடித்துச் சொல்லிவிட்டேன். பால்கார அம்மா தன் மாட்டைப் பற்றி நாலு வரி எழுதிவிட்டார். அதைக் கிழித்துப் போட்டு முதலிலிருந்து எழுத வைத்தேன்.

மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று. இன்றைக்குத் தபாலில் சேர்த்தாயிற்று. இப்போதுதான் நிம்மதியாகத் தூங்கப் போகிறேன்.

உன் அக்கா

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. உங்கள் மனுக்களைப் பிரித்துப் பதிவு செய்தவன் நான்தான். வாசகம் ஒன்றாக இருந்தால், எத்தனை பேர் எழுதினாலும் ஒரே ஆட்சேபணை என்பது இங்கே விதி. எண்ணிக்கை என்ற கட்டத்தில் "ஒன்று" என்று என் கையாலேயே எழுதினேன்.

ஒரே மனுவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு வரி சேர்ப்பீர்கள் என்று நினைத்திருந்தேன். விதியை உன்னிடம் சொல்லத் தோன்றவே இல்லை. என் தப்புதான்.

இன்னும் ஒரு வழி இருக்கிறது. இருபதாம் தேதி உங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் நேர் விசாரணை. அதில் அவரவர் கஷ்டத்தை அவரவர் வார்த்தையில் சொன்னால் தனித்தனியாக எழுதியாக வேண்டும். எழுதுவதற்கு நானே வருகிறேன், கேட்டு வாங்கிக்கொண்டேன். என் முகம் அங்கே யாருக்கும் ஞாபகம் இருக்காது. சலூன்காரர் நாற்காலியைச் சொல்லட்டும். பால்கார அம்மா மாட்டைச் சொல்லட்டும்.

உன் தம்பி

ஏப்ரல் 22

அன்புள்ள அக்காவுக்கு,

முந்தாநாள் பள்ளிக்கூடத்தில் நடந்ததற்கு உனக்குக் காரணம் சொல்ல வேண்டும்.

விசாரணைக்கு வருகிற ஊழியர், அந்தத் தெருவில் தனக்கு உறவினர் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்திருந்தேன். கொடுக்காவிட்டால் வேறு யாரையாவது அனுப்புவார்கள், உங்களுக்கு ஒரு உதவியும் செய்ய முடியாதே என்றுதான். "இது எங்க ஆபீஸ் நடை. யார் எழுதிக் கொடுத்தது?" என்று எங்கள் பெரிய அதிகாரி உங்கள் மனுவைத் தூக்கிப் பிடித்துக் கேட்டதும், நீ எழுந்து "நான்தான் சார்" என்றாய். அவர் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, "இந்தம்மாவை உங்களுக்குத் தெரியுமா?" என்றார். "தெரியாது சார்" என்று என் வாய் சொல்லிவிட்டது.

யாரோ வெளியாள் தூண்டிவிட்டிருக்கிறான் என்று சொல்லி, அதோடு விசாரணையை முடித்துவிட்டார். சலூன்காரர் பேசுவதற்காகத் தூக்கிய கை அப்படியே நின்றது. நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைய விசாரணையே செல்லாது. வேறு ஊழியரை வைத்து மறுபடி நடத்தியிருப்பார்கள், எல்லோரும் பேசியிருக்கலாம். என் வேலை போயிருக்கும். பயந்துவிட்டேன் அக்கா.

ஒரு வரியாவது எழுது. திட்டியாவது எழுது.

உன் தம்பி

மே 30

ஐயா,

தெரியாதவருக்கு இப்படித்தான் எழுத வேண்டும் என்று நீதான் சொல்லிக் கொடுத்தாய்.

இடிக்கச் சொல்லி உத்தரவு வந்து பத்து நாளாகிறது. முன்சுவரை நேற்று இடித்தார்கள். சலூன்காரர் தன் நாற்காலியைத் தள்ளுவண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு போனார்.

உத்தரவு வந்த அன்றே அவர் ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு வந்தார். விசாரணையில் எழுதினவர் இந்தத் தெருக்காரர் யாருக்காவது சொந்தமாக இருந்தால் எல்லாமே செல்லாது என்று வக்கீல் சொன்னார். சலூன்காரர் என் முகத்தையே பார்த்தார். "அன்னைக்கு எழுதிட்டிருந்தாரே, அவரு உங்க தம்பியாம்மா?"

"இல்லீங்க. அவரை எனக்குத் தெரியாது" என்றேன்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தெரு முழுக்கப் பிழைத்திருக்கும். உன் பிள்ளைகளின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. எல்லோருடைய அறையையும் கொடுத்து உன் வேலையைக் காப்பாற்றியிருக்கிறேன். அவர்கள் இன்னமும் என்னை "செயலாளரம்மா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

நான் எழுதாமல் போன ஆட்சேபணையை இப்போது எழுதுகிறேன். நாலு மணிக்கு முன்னறை ஜன்னல் வழியாக வெயில் வந்து சரியாக ஊசியின் காதில் விழும். கண்ணாடி போடாமல் நூல் கோப்பேன். அவ்வளவுதான். எங்கேயும் பதிவு செய்ய வேண்டாம்.

அளவு நோட்டில் உன் பக்கத்தைக் கிழிக்கப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை. ஆனால் இனிமேல் சட்டை வேண்டுமென்றால் உன் ஊரிலேயே தைத்துக்கொள். கடிதமும் போடாதே. தபால் பெட்டி முன்சுவரோடு போய்விட்டது.

இப்படிக்கு,
17ஆம் எண் வீட்டுத் தையற்காரி