சாவியை நானாகத் திருப்பிக் கொடுக்க மாட்டேன்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், நீயும் மருமகளும் குழந்தையும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் நினைப்பு. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து பார்வை நன்றாகத் தெளிந்துவிட்டது, தெளிந்ததிலிருந்து வீட்டில் எந்த மூலையில் ஒட்டடை இருக்கிறது என்று எனக்குக் காட்டிக்கொண்டே திரிகிறார், கண் மங்கியபடியே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. நீ போனில் பேசி அனுப்பியதை இரண்டு பேரும் கேட்டோம். இந்த வயதில் எனக்கு எதற்கு இந்தப் பொல்லாப்பு, சூப்பர்வைசர் வேலை வேண்டாம் என்று சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பழையபடி துணி மடிக்கப் போ என்று சொல்லியிருந்தாய். மாட்டேன். நீ பாதி கேட்டவுடனே பதறுகிறவன், அதனால் நடந்ததை முழுதாக எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

இந்த ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் படுக்கை விரிப்பு மடித்தவள் நான். பழைய சூப்பர்வைசர் ஓய்வு பெற்ற மறுநாள் நிர்வாக அதிகாரி கூப்பிட்டு சாவிக்கொத்தையும் ஒரு பதிவேட்டையும் என் கையில் கொடுத்து, இனிமேல் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். எதைப் பார்ப்பது, ஆள் வராவிட்டால் யாரைக் கேட்பது, ஒன்றும் சொல்லவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. பதினொரு பேர் எனக்குக் கீழே. நேற்றுவரை பக்கத்தில் நின்றவர்களிடம் வேலை சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு எல்லாவற்றையும் நானே இழுத்துப் போட்டுச் செய்தேன், கால் வீங்கி வீட்டுக்கு வந்தேன், அப்பாதான் வெந்நீர் வைத்துக் கொடுத்தார். இதில் நெட்டை என்னோடு சாப்பிடுவதையே நிறுத்திவிட்டாள். நெட்டையை உனக்கு நினைவிருக்கும், வார்டிலிருந்து வரும் அழுக்கு மூட்டைகளைப் பிரிக்கிறவள், நிலைப்படியில் தலையைக் குனிந்துதான் வருவாள். பதினாறு வருஷம் ஒரே பெஞ்சில் சாப்பிட்டவள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தால் எனக்கு எப்படி இறங்கும். பதவி வந்ததும் பொறாமை என்று நினைத்தேன். ஒருநாள் நேராகவே கேட்டேன், அவளும் நேராகவே சொன்னாள். "நீ எங்கள நம்பி ஒரு வேலையும் விடமாட்டேங்குற. நாங்க மடிச்சத பின்னாலயே வந்து பிரிச்சுத் திரும்ப மடிக்கிற. அப்புறம் நாங்க எதுக்கு?" நான் உதவி என்று நினைத்துச் செய்தது அவர்களுக்கு அவமானமாக இருந்திருக்கிறது பார். மறுநாளிலிருந்து கையைக் கட்டிக்கொண்டேன். யாருக்கு எந்த மெஷின், யார் வண்டி தள்ளுவது என்று அவர்களையே பேசி முடிவு செய்யச் சொன்னேன், காலையில் பத்து நிமிஷம் எல்லோரும் நின்று என்ன குறை என்று சொல்லிவிட்டுத்தான் மெஷினைப் போடுவது. வேலை முன்னைவிடச் சீக்கிரம் முடிந்தது. நெட்டையும் பெஞ்சுக்குத் திரும்பி வந்தாள்.

அதற்குள்தான் அது நடந்தது. தடித்த கையுறை தீர்ந்து பத்தொன்பது நாள், நான் இரண்டு தடவை எழுதிக் கொடுத்தும் வரவில்லை. வார்டுகளில் விரிப்பு இல்லை என்று நச்சரித்தார்கள், சரி பார்த்துப் பிரியுங்கள் என்று நான்தான் சொன்னேன். ஒரு வார்டு மூட்டைக்குள் நோயாளிக்குப் போட்ட ஊசி கிடந்து நெட்டையின் உள்ளங்கையில் ஏறிவிட்டது. அவள் கையை என் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாள். கழுவி, டாக்டரிடம் கூட்டிப்போய், பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்து, மாத்திரை வாங்கி வருவதற்குள் அதிகாரி ஆள் அனுப்பிவிட்டார். அவர் என்ன சொன்னார் தெரியுமா. "கையுறை போடாதது அந்தம்மா தப்புன்னு எழுதிக் கொடுத்துடுங்க. நீங்க இப்ப நிர்வாகத்து ஆளு, அத மறந்துடாதீங்க." நான் சொன்னேன், "இல்லாத கையுறைய எப்படி சார் போடுவாங்க? அதையும் எழுதுவேன், இல்லாமயே பிரிக்கச் சொன்னது நான்தான்னும் எழுதுவேன்." அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். சொந்தத் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாய் என்று நீ சொல்வாய், உன் அப்பாவும் அதைத்தான் சொன்னார். ஆனால் அவளுக்கு அந்தப் பழி போயிருந்தால் நான் எந்த முகத்தோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவேன்.

மறுநாள் காலை எல்லா மூட்டையையும் வாசலிலேயே நிறுத்திவிட்டேன், கையுறை வரும்வரை யாரும் தொடக்கூடாது, இனிமேல் வார்டிலேயே சோதித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால்தான் உள்ளே வரும் என்று சொல்லிவிட்டேன். ஆபரேஷன் அறையின் மூட்டை நான்கை மட்டும் நானே இடுக்கியால் பிரித்தேன், நோயாளி காத்திருப்பாரே. மதியம் தலைமை நர்ஸ் கோபமாக வந்தார். அந்த நான்கு மூட்டையில் கிடைத்ததைத் தட்டில் வைத்துக் காட்டினேன். மூன்று ஊசி, ஒரு கத்தரிக்கோல், யாரோ பெரியவரின் பல்செட். அவர், இது தெரியாமல் போய்விட்டது என்று மெல்லச் சொன்னார். சாயங்காலமே கையுறை வந்தது. இப்போது ஒவ்வொரு மூட்டையிலும் கையெழுத்துச் சீட்டு இருக்கிறது.

அதற்குப் பரிசாகத்தான் அதிகாரி, பொறுப்பிலிருந்து என்னை ஏன் நீக்கக்கூடாது என்று விளக்கம் கேட்டு ஓலை அனுப்பினார், நீ பயந்தது அதைக் கேட்டுத்தான். பதினொரு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுத் தருகிறோம் என்றார்கள், வேண்டாம், நான் தூண்டிவிட்டேன் என்று ஆகும் என்று தடுத்துவிட்டேன். தனியாகவே பதில் எழுதினேன். தப்பு செய்தேன், அன்றைக்கே வேலையை நிறுத்தியிருக்க வேண்டும், ஆனால் நிறுத்த எனக்கு அதிகாரம் உண்டா என்றுகூட யாரும் எனக்குச் சொல்லவில்லை, இனி யாரை இந்த நாற்காலியில் உட்காரவைத்தாலும் பழைய ஆளோடு ஒரு வாரமாவது நிறுத்திச் சொல்லிக்கொடுத்துவிட்டு உட்காரவையுங்கள், எனக்கும் இப்போதாவது பயிற்சி கொடுங்கள் என்று எழுதினேன். நேற்று அதிகாரி கூப்பிட்டு, மூன்று மாதம் பார்க்கலாம் என்றார். பாருங்கள் சார், நானும் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பயிற்சிக்கு மட்டும் இன்னும் பதில் இல்லை, திங்கட்கிழமை மறுபடி கேட்பேன். நெட்டைக்கு முதல் ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை, மூன்று மாதம் கழித்து இன்னொன்று எடுக்க வேண்டும், அன்றைக்கு நானும் கூடப் போகிறேன். மேலே இருப்பவர்கள் சாவியைப் பிடுங்கினால் பிடுங்கட்டும், நானாக விடமாட்டேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். போன மாதம் உன் ஆபீஸில் ஒரு பெண்ணுக்குப் புதிதாகப் பொறுப்பு கொடுத்ததாகவும், அவளுக்குச் சமாளிக்கத் தெரியவில்லை, எல்லாவற்றையும் தானே செய்துகொண்டு சாயங்காலம் அழுகிறாள் என்றும் சிரித்துக்கொண்டே சொன்னாய். அவளுக்கு நீ என்ன சொல்லிக்கொடுத்தாய்? கோபித்துக்கொள்ளாதே, எனக்குத் தெரியவேண்டும். நாளைக்குப் போய் அவள் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, என்ன கஷ்டம் என்று கேள். கேட்டுவிட்டு எனக்கு எழுது, எனக்குப் புத்தி சொல்வது அப்புறம் இருக்கட்டும்.

குழந்தைக்கு இருமல் மருந்தை நிறுத்தாமல் கொடுங்கள். மூன்று பேரும் நீண்ட ஆயுசோடு, ஒருத்தருக்கொருத்தர் துணையாக, யாருக்கும் தலைகுனியாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு
உன் அம்மா,
சூப்பர்வைசர், சலவைக்கூடம்