பள்ளியில் வாங்கிய கையொப்பங்கள்

சாய்ந்தமருது
ஜூன் 12

அன்பின் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் நம் மகள் ஸப்னாவும் சுகம். உங்கள் உம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து, மீன்காரனோடு சண்டை பிடிக்கும் அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது. கச்சான் காற்று தொடங்கி, ஊரே வறண்டு கொதிக்கிறது. பகல் பதினொரு மணிக்கே என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் தூங்கி விழுகிறார்கள். விஞ்ஞானம் படிப்பிக்கிற எனக்கே கண் சொருகுகிறது.

போனில் கதைக்காமல் ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். போனில் என்றால் இரண்டே நிமிடத்தில் என்னைச் சமாளித்துவிடுவீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. லீவு முடிந்து நீங்கள் இருக்கும் நோர்வேக்குத் திரும்புகிற ஜுனைட்டின் கையில் கொடுத்தனுப்புகிறேன். முழுவதையும் வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

உங்கள் ஆராய்ச்சிக்காக எண்பத்து நான்கு கடல் தொழிலாளிகளிடம் கையொப்பம் வாங்கினோம் அல்லவா? வெயில் கூடக் கூட அவர்களுடைய சிறுநீரகம் என்னவாகிறது என்று பார்க்க, கச்சானுக்கு முன்னால் ஒரு தடவையும் அது ஓய்ந்த பிறகு ஒரு தடவையும் இரத்தம் எடுக்க வேண்டும், குறைந்தது எண்பது பேராவது வேண்டும் என்றீர்கள். வீடு வீடாக அலைந்தால் மாதக் கணக்கில் ஆகும், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்லச் செய்தால் ஒரே நாளில் வேலை முடியும் என்பது உங்கள் யோசனை. அறிவித்தலை எழுதிக் கொடுத்தது நான். கடல் தொழிலாளிகள் அனைவரும் தவறாமல் வந்து ஒப்பமிட வேண்டும் என்று என் கையால்தான் எழுதினேன். அன்று அஸர் தொழுகைக்கு முன்பே எண்பத்து நான்கு பேரும் ஒப்பமிட்டார்கள். நம் கெட்டித்தனத்தை நினைத்து நாம் இரண்டு பேரும் போனில் சிரித்தது எனக்கு மறக்கவில்லை.

இரத்தம் எடுத்த கடைசி நாளில் அபூசாலி காக்கா வந்தார். கரைவலை இழுக்கிறவர், மூத்த மகளுக்குக் கலியாணம் பேசி வைத்திருக்கிறார். கையை நீட்டிக்கொண்டே நர்ஸ் மீனாம்பிகையிடம், “இதக் குடுத்தாத்தானே மிஸ்ஸி, மகள்ட கலியாணத்துக்குப் பள்ளியால கடிதம் தருவாங்க?” என்று கேட்டிருக்கிறார். மீனாம்பிகை நிறைந்த குழாயைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். அப்படி யார் சொன்னது என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லையாம். “பள்ளியால சொன்னதுக்கு மாட்டன் எண்டு சொல்லேலுமா தங்கச்சி?” என்றார். அவர் சொன்னதில் என்ன பிழை? பள்ளிக் கடிதம் இல்லாமல் இந்த ஊரில் யாருக்குக் கலியாணம் நடந்திருக்கிறது? இங்கே பிறந்து வளர்ந்த நம் இரண்டு பேருக்கும் இது தெரியாதா? தெரிந்ததால்தானே பள்ளிக்குப் போனோம்? எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, மச்சான்.

மறுநாளே பள்ளித் தலைவர் மஜீட் ஹாஜியாரிடம் போனேன். இது பள்ளியின் உத்தரவு இல்லை, விருப்பமில்லாதவர் விலகலாம், யாருடைய கடிதமும் நிற்காது என்று அடுத்த ஜும்ஆவில் சொல்லும்படி கேட்டேன். “நல்ல விசயத்துக்குத்தானே புள்ள சொன்ன, நஞ்சா குடுத்த நாம?” என்று கொஞ்சம் கோபித்தார். பிறகு சொன்னார், நான் எழுதிக் கொடுத்ததைவிட அழகாகவே சொன்னார்.

அதன் பிறகு மீனாம்பிகையும் நானும் எல்லோரிடமும் சம்மதத்தைப் புதிதாகக் கேட்டுப் பதினொரு நாள் வீடு வீடாக ஏறி இறங்கினோம். சும்மா சொல்லக்கூடாது, அந்த நாட்கள் எனக்குப் பிடித்திருந்தன. அன்று பள்ளியில் ஒருவர்கூடக் கேள்வி கேட்கவில்லை. வீட்டில் கேட்டார்கள். இரத்தம் எங்கே போகும், முடிவை யாருக்குச் சொல்வீர்கள், வருத்தம் இருக்கிறது என்று தெரிந்தால் மருந்துக்கு எங்கே போவது என்றெல்லாம் கேட்டார்கள். சுனாமிக்குப் பிறகு எத்தனையோ பேர் வந்து கேள்வி கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்கள், ஒருவராவது திரும்பி வந்து ஒரு சொல் சொன்னாரா என்று ஒரு பெண் கேட்டாள்.

ஐம்பத்து மூன்று பேர் ஓம் என்றார்கள். முப்பத்தொரு பேர் வேண்டாம் என்றார்கள். அபூசாலி காக்கா வேண்டாம் என்றவர்களில் ஒருவர், தேத்தண்ணி தந்துதான் சொன்னார். உங்கள் தம்பி முபீனும் வேண்டாம் என்றுவிட்டான். “காக்காக்கிட்டச் சொல்லிராதீங்க மதினி” என்று உங்களுக்குப் பயந்து கெஞ்சினான். சொல்லிவிட்டேன், அவனைத் திட்ட வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய குரல் பதிவை மூன்று தடவை கேட்டேன். ஒப்பம் இருக்கிறது, இரத்தமும் இருக்கிறது, யாரும் கேட்கப்போவதில்லை, இப்போது முப்பத்தொரு பேரை விட்டால் அடுத்த கச்சான் வரை காத்திருக்க வேண்டும், டிசம்பரில் வீடு வர முடியாது என்கிறீர்கள். கணக்குச் சரிதான். யாரும் கேட்கமாட்டார்கள் என்பதும் சரிதான். வெயிலில் கருகுகிற இந்த மனிதர்களுக்காகத்தான் இதைச் செய்கிறேன் என்று போகும்போது சொன்னீர்கள். அவர்கள் மாட்டேன் என்று சொன்ன பிறகும் எடுத்துக்கொண்டால் அது யாருக்காக?

அந்த முப்பத்தொரு குழாய்களையும் நான் அனுப்பமாட்டேன். உங்கள் பேராசிரியருக்கு நடந்ததை நடந்தபடி எழுதுங்கள், பிழையில் பாதி என்னுடையது என்றும் எழுதுங்கள். அவற்றை முறைப்படி அழிக்கச் சொல்லி ஒரு வரி அனுப்பினால், மீனாம்பிகையும் நானும் பார்த்துக்கொள்வோம். அடுத்த சித்திரையில் புதிதாக முப்பது பேரைச் சேர்ப்பது என் பொறுப்பு. ஓம் என்றவர்களில் ஏழெட்டுப் பேர் இப்போதே தங்கள் கூட்டாளிகளைக் கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். முடிவுகளைக் கடற்கரையில் மீன் வாடியடியில் நின்று நீங்களே சொல்வீர்கள் என்று எல்லோருக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

நான் கல் நெஞ்சுக்காரி என்று நினைக்காதீர்கள். நீங்கள் போய் இரண்டரை வருடமாகிறது. அந்த முப்பத்தொன்றாவது ஆள் வேண்டாம் என்றபோது, வெளியே வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். டிசம்பரில் வாப்பா வருவார் என்று ஸப்னா பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை, எனக்குத் தைரியம் வரவில்லை. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அல்லாஹ் உங்களுக்குச் சுகத்தையும் நல்ல பேரையும் தரட்டும். இதைக் கேட்க எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் கேட்கிறேன் மச்சான், ஒரு வருடம் பிந்தி வாருங்கள்.

உங்கள் வரவுக்கு துஆச் செய்யும்,
ஜெனூபா