கீழ்க்கட்டை இல்லாத நிலை

பழவேற்காடு,
திங்கட்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு, உங்கள் செவ்வந்தி எழுதுவது.

நானும் அத்தையும் நம் பிள்ளைகளும் இங்கே நன்றாக இருக்கிறோம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்பதை ஆஸ்பத்திரி நர்ஸ் ரோசி அக்காவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன். நான் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் இரண்டு வார்த்தையில் வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம் எழுதுகிறேன். இதைப் பாதியில் துண்டிக்க முடியாது பாருங்கள். கோபம் வந்தால் கிழித்துப் போடுங்கள், ஆனால் முழுதும் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

முதலில் வீட்டு விஷயம். முகத்துவாரத்தில் அலை உங்கள் படகைக் கவிழ்த்த அன்றோடு நின்ற வேலையை மறுபடி தொடங்கிவிட்டேன். புது வீட்டுக்கு நீங்கள் போட்ட கடைக்கால் அப்படியே சும்மா கிடந்தது, ஆடுகள் ஏறி விளையாடின. பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. கொத்தனாரைக் கூப்பிட்டால், கதவு ஜன்னல் அளவு சொல்லு, அப்பத்தான் சுவரை எழுப்ப முடியும்னு சொன்னார். சரி என்று நானே மீஞ்சூர் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் இரும்பு ஜன்னலைத் தட்டித் தட்டிக் காட்டினார். ஆனை முட்டினாலும் அசையாதும்மான்னு ஒரே பெருமை. எங்க ஊர்ல ஆன வராது, உப்புக் காத்துதான் வரும்னு சொன்னேன். நம் பழைய வீட்டில் நீங்கள் சட்டை மாட்டப் போய் ஜன்னல் கம்பி கையோடு வந்தது நினைவிருக்கிறதா? அப்பளம் மாதிரி உதிர்ந்ததே! அலுமினியமும் வேண்டாம் என்றேன், பக்கத்து வீட்டு ஜன்னல் வெள்ளை பூத்துக் கிடப்பதை தினமும் பார்க்கிறேன். கடைசியில் யூபிவிசி என்கிற கெட்டி பிளாஸ்டிக்கில், பக்கவாட்டில் தள்ளித் திறக்கிற மாதிரி எடுத்தேன். துருப்பிடிக்காது, மழையில் உப்பாது. கொசுவலையும் சேர்த்துப் போட்டுத் தருகிறார்கள். திருகாணிகூட துருப்பிடிக்காத ஸ்டீலாக இருக்க வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினேன்.

எடுப்பதற்கு முன்னால் கடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கேட்டேன். அதில் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு ஜன்னலையும் தள்ளிப் பார்த்தேன், தாழ்ப்பாள் கைக்கு எட்டுகிறதா என்று பார்த்தேன். இன்னாம்மா, கால் வலியான்னு அவர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஏரி பக்கத்து ஜன்னலைத் தாழ்வாக வைக்கச் சொல்லியிருக்கிறேன். கட்டிலில் படுத்திருந்தாலும் தண்ணீரும் படகுகளும் தெரியும். ஜன்னலை இன்னா தரையிலயா வெப்பாங்கன்னு கொத்தனார் சிரித்தார். சிரிக்கட்டும்.

கதவுகளின் அகலத்துக்கு நான் ஒரு வலை நூலைக் கொண்டு போயிருந்தேன், இரண்டு முடிச்சுப் போட்டது. அது என்ன அளவு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். போன தடவை நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, சக்கர நாற்காலியைக் கொண்டுவந்து வைத்ததற்காக நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்களே, அன்றுதான். நீங்கள் தூங்கிய பிறகு அந்த நாற்காலியைக் குறுக்கே அளந்தேன். அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டே முடிச்சுப் போட்டேன். எல்லாக் கதவும் அந்த முடிச்சளவைவிட ஒரு சாண் கூடுதல் அகலம். குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கும். உள்ளே திறந்தால் நாற்காலி திரும்ப இடம் இருக்காது.

தலைவாசலுக்கு மட்டும் நீங்கள் ஆசைப்பட்டபடி தேக்குதான். ஆனால் அங்கேதான் பெரிய தகராறு ஆனது. நிலைக்குக் கீழ்க்கட்டை வேண்டாம், பக்கக் கட்டை இரண்டும் மேல் கட்டையும் போதும், தரை மட்டமாக இருக்கட்டும் என்று தச்சர் ஜான்சன் அண்ணனிடம் சொன்னேன். அவர் உளியைக் கீழே வைத்துவிட்டார். வாசப்படி இல்லாம எவன்மா நெலை வெப்பான், என்னை ஊரே பேசும்னு சொன்னார். அத்தையோ தலையில் அடித்துக்கொண்டார். மஞ்சள் குங்குமம் எங்கடி வெப்பே, லட்சுமி எங்கடி குந்துவா, எம்புள்ள படுத்த படுக்கையா கெடக்கறப்ப இன்னும் கெட்டது தேடறியான்னு வாசலிலேயே கத்தினார். ஊரே கூடிவிட்டது.

அத்தைக்கு எதுவும் தெரியாது மாமா. பொங்கலுக்குள் நீங்கள் எழுந்து நடப்பீர்கள் என்று கோயிலில் வேண்டிக்கொண்டு இருந்தார். அன்று உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்து, டாக்டர் என்னிடம் சொன்னதைச் சொல்லிவிட்டேன். முதுகெலும்பில் பட்ட அடி ஆறாது, இடுப்புக்குக் கீழே இனி உயிர் வராது என்றேன். அதை என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. அன்று முழுதும் அத்தை சாப்பிடவில்லை. பெற்றவளிடம் சொல்லிவிட்டோமே என்று எனக்கு உயிரே போனது.

மறுநாள் காலை அத்தை தலைக்குக் குளித்து, மஞ்சளும் குங்குமமும் தட்டில் எடுத்துக்கொண்டு ஜான்சன் அண்ணன் முன்னால் போய் நின்றார். எம்புள்ள வர்ற வழியில கட்டை போடாதப்பா, லட்சுமி தரையிலயே குந்திக்குவான்னு சொன்னார். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார். வெள்ளிக்கிழமை நிலை வைத்தோம். அத்தை தரையிலேயே பொட்டு வைத்தார். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து பிடிக்க வேண்டிய நிலையை நான் ஒருத்தியாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு பக்கம் காலியாக இருந்தது. அங்கே யாரையும் நிற்க விடவில்லை.

மாமா, நடந்தால்தான் குப்பத்துக்கு வருவேன், இல்லை என்றால் இங்கேயே கிடக்கிறேன் என்று ரோசி அக்காவிடம் சொன்னீர்களாம். டாக்டர் உங்களிடமும் சொல்லிவிட்டார் என்று எனக்குத் தெரியும். எனக்காக நீங்கள் மறைத்தீர்கள், உங்களுக்காக நான் மறைத்தேன். போதும். தனித்தனியாக அழுது என்ன கண்டோம்?

வலை பின்ன, படகுக் கணக்குச் சொல்ல, என்னைத் திட்ட, பிள்ளைகளை அதட்ட, இதற்கெல்லாம் கால் எதற்கு? எனக்கு நீங்கள் வேண்டும். எந்தக் கோலத்தில் இருந்தாலும் வேண்டும். கடலம்மா திருப்பிக் கொடுத்த உயிரை நீங்கள் ஆஸ்பத்திரிச் சுவருக்குக் கொடுத்துவிடாதீர்கள். அவள் உங்களை நல்லபடியாகக் காப்பாற்றட்டும்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருகிறேன். நடந்து வர வேண்டாம் மாமா. வந்தால் போதும்.

இப்படிக்கு,
உங்களையே பார்த்திருக்கும்
செவ்வந்தி.