உன் அறைக்கு எத்தனை டன்

அன்பு மகளே,

உன் கல்யாணத்தன்று நான் பூட்டிய உன் அறையைத் திறந்து அளந்தேன். பன்னிரண்டுக்குப் பத்து அடி. மேற்குச் சுவர் வெயிலில் கொதிக்கிறது. அதனால் நேற்று தியாகதுருகத்தில் பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சிக்குப் போய் ஏசி பார்த்தேன்.

ஐந்து நட்சத்திரம் இருந்தால் மின்சாரம் மிச்சமாகும் என்று நினைத்திருந்தேன். ஸ்டிக்கரில் எந்த ஆண்டு என்றும் பார்க்க வேண்டுமாம். விதி மாறியபின் பழைய ஐந்து, புதிய நான்குக்குத்தான் சமம். கடைக்காரர் காட்டியது பழையது. கண்ணாடி போட்டுப் படித்து, இது வேண்டாம், புதியது காட்டுங்கள் என்றேன்.

"இன்னாம்மா, பரீட்சைப் பேப்பரு திருத்தற மாதிரி படிக்கிறீங்க!" என்று சிரித்தார். பிறகு, "ரூம்புல எத்தினி பேரு படுப்பீங்க? ஆளு ஜாஸ்தின்னா ஒரு டன்னு பத்தாதுங்க" என்றார்.

உன் அப்பா போனபின் இந்த வீட்டில் நான் ஒருத்திதான். ஆனாலும், "மூன்று பேர். மகள், பேத்தி, மருமகன்" என்றேன். மருமகன் என்று நான் வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல்முறை.

ஒன்றரை டன் எழுதிக்கொண்டார்.

வியாழக்கிழமை மாட்ட வருகிறார்கள். குளிர்காற்று குழந்தையின் மேல் நேராக அடிக்கக் கூடாதாம். அவள் கட்டிலில் எந்தப் பக்கம் படுப்பாள்? எனக்குத் தெரியவில்லை. அதற்குள் சொல்.

அம்மா