கேட்பவர்கள் பட்டியல்

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
14.11.2008

அன்புள்ள சக்கரபாணி அவர்களுக்கு,

வணக்கம். பிரான்சில், உங்கள் லியோனில் குளிர் தொடங்கியிருக்கும், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் எதையும் விட்டுவிடக் கூடாதென்று, சொல்லப்போவதை முதலில் வரிசைப்படுத்துகிறேன்.

1. ஆதிலட்சுமி அம்மாவைப் பற்றிய என் பயம்.
2. நம் திறமூல மென்பொருளில் பதிப்புக்குப் பதிப்பு என்ன மாறியது என்று சொல்லும் மாற்றப் பட்டியலை நீங்கள் சொல்லும் கருவி தொகுக்க வேண்டாம், வழக்கம்போல் நானே கையால் எழுதுகிறேன்.
3. நாளைய பதிப்பில் வர வேண்டிய ஒரு வாக்கியம்.

முதலாவது. முதலியார்பேட்டையில் பாட்டு சொல்லித்தரும் ஆதிலட்சுமி அம்மாவுக்குப் பார்வை இல்லை. நம் மென்பொருள்தான் அவருக்குக் கடிதங்களை வாசித்துக் காட்டுகிறது. நேற்று தொலைபேசியில், “எம் பொண்ணு மெயில் போட்டிருக்கு சார். டாக்டர் சக்கரை மாத்திரைய ஒண்ணு ரெண்டு போடச் சொல்லிட்டாராம். நம்ம ஆளு அழகா படிக்குது” என்று சிரித்தார். நானும் நல்லது என்று வைத்துவிட்டேன். இன்று காலை பல் துலக்கும்போதுதான் உறைத்தது. மகள் எழுதியது 1/2, அதாவது அரை மாத்திரை! அதை ‘ஒன்று இரண்டு’ என்று வாசிக்கும் பிழையைத்தான் நம் குழுவின் ஹேமலதா போன வாரம் கண்டுபிடித்துத் திருத்தினார். திருத்தம் நாளைதான் வெளியாகிறது. அம்மா தொலைபேசியை எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுச் சந்திரகலாவைப் போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அவர் பேசும்வரை இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாவது. அவரவர் எழுதிவைத்த குறிப்புகளைத் திரட்டி, அந்தக் கருவி புதியதை மேலே வைக்கிறது. மேரியில், நம் நகராட்சி அலுவலகத்தில், ஆயுள் முழுதும் பதிவு எழுதியவன் நான். பழையது முதலில், புதியது கடைசியில். தலைகீழாக இருந்தால் யாருக்கு என்ன புரியும்? இந்தப் பிழை பற்றிய எச்சரிக்கையையும் போன வாரமே நம் பட்டியலின் கடைசி வரியாகச் சேர்த்து எல்லோருக்கும் அனுப்பினேன்.

மூன்றாவது. ஹேமலதாவின் குறிப்பு, ‘பின்ன வாசிப்பு திருத்தம்’. அதைக் கேட்டு யாருக்கு மாத்திரை நினைவுக்கு வரும்? நான் எழுதியது இது: ‘மருந்தின் அளவு ஒன்று இரண்டு என்று கேட்டிருந்தால், அது அரையாக இருக்கலாம். விழுங்கும் முன் யாரிடமாவது கேளுங்கள்.’ எண்ணில் எழுதவில்லை. எழுதினால் எச்சரிக்கையையே பழைய பதிப்பு தவறாக வாசிக்கும்.

சந்திரகலா இப்போதுதான் பேசினார். அம்மா இரண்டு மாத்திரை போட்டு, வியர்த்து, தரையில் சாய்ந்து கிடந்திருக்கிறார். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ வந்துவிட்டது. அம்மாவிடமும் பேசினேன். எச்சரிக்கை வரவில்லையா என்று கேட்டேன். “வந்துது சார். உங்க லிஸ்டு ஆரம்பத்துலேர்ந்து பழைய கதையவே படிக்குது. நான் என்னிக்கு அத கடைசி வரைக்கும் கேட்டேன்? பாதியில நிறுத்திட்டு சோறு வடிக்கப் போயிடுவேன்” என்றார். குரல் எழும்பவில்லை.

கண்ணால் படிப்பவன் கடைசி வரிக்குத் தாவிவிடுகிறான். அவர் எப்படித் தாவுவார்?

நாளை வரை காத்திருக்காதீர்கள், இன்றே வெளியிட்டுவிடுங்கள். என் வாக்கியம் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கட்டும். இன்னும் எத்தனை வீடுகளில் யார் யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்களோ, எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கு ஒரு குறையும் வராது.

கருவியே தொகுக்கட்டும் தம்பி. இரண்டாவதாக நான் எழுதியது தவறு.

தங்கள்,
தில்லைகோவிந்தன்