வெள்ளிக்கிழமை அப்டேட்

30 ஜூன் 2025, திங்கள்

வைஃபை மறுபடியும் போய்விட்டது. லினக்ஸின் உள்மையமான கெர்னல் புதிதாக வந்தால் போதும், வைஃபை பிடிக்கிற இந்தச் சின்ன டாங்கிளுக்கு நான் யாரென்றே தெரியாமல் போய்விடும். டிரைவரைத் திரும்பவும் கம்பைல் செய்து ஏற்றினேன். ஒன்றரை மணி நேரம். போன தடவை மூன்று மணி நேரம் ஆயிற்று, ஆகையால் முன்னேற்றம்தான்.

கீழே மூன்று எம்பிராய்டரி மெஷின்கள். ஏணி ஏறினால் மாலா என்கிற பரணில் நான், என் கம்ப்யூட்டர், ஒரு டேபிள் ஃபேன். நான் வரைகிற டிசைன் பென்டிரைவில் இறங்கிப் போனால்தான் கீழே ஊசி அசையும். கல்யாணமாகி தாராவிக்கு வந்த ஆறு வருஷத்தில் நானாகக் கற்றுக்கொண்ட வேலை. இரண்டு வருஷத்துக்கு முன் திருட்டு விண்டோஸில் வைரஸ் வந்து நாற்பது டிசைனை முழுங்கியதும், லினக்ஸை நானே போட்டேன். "காசில்லாம கெடைக்கிறது எப்படிம்மா நல்லா இருக்கும்?" என்றார் மாமா. முகம்மது ஹனீப், என் வீட்டுக்காரர் தௌசீபின் வாப்பா, பட்டறை முதலாளி. இன்றுவரை ஒரு வைரஸ் எட்டிப் பார்த்திருக்கிறதா? இல்லை. நோண்டத்தான் வேண்டியிருக்கிறது. அதனாலென்ன.

2 ஜூலை, புதன்

செம்பூர் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து ஆர்டர். அறுநூறு சட்டைப் பாக்கெட்டுக்குச் சின்னம்: விளக்கு, அடியில் மராத்தி எழுத்து. எழுத்தை எறும்பு சைஸில் கேட்கிறார்கள். என்னால் ஆகாதா என்ன!

4 ஜூலை, வெள்ளி

சின்னம் முடிந்தது. பத்துத் தரம் தைத்துப் பார்த்து, எழுத்தில் நூல் குவியாமல் சரிசெய்துவிட்டேன். கடைசி ஃபைலை ஜும்மாவுக்குப் பிறகு பென்டிரைவில் எடுக்கலாமென்று விட்டேன். ஆண்கள் எல்லாரும் தொழுகைக்குப் போகிற நேரம். எனக்கும் வீட்டில் சமையல். பெரிய அப்டேட்டை ஓடவிட இதைவிட நல்ல நேரம் உண்டா? பன்னிரண்டே முக்காலுக்குத் தொடங்கிவிட்டுப் போனேன்.

மூன்று மணிக்கு வந்தால் கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தது. பட்டனை அழுத்தினேன். கறுப்புத் திரை. மூலையில் ஒரு கோடு மட்டும் மினுக்குகிறது. சாயங்காலம் வரை அதே கோடுதான்.

5 ஜூலை, சனி

பாழாய்ப்போன அப்டேட்! போனில் ஒரு லினக்ஸ் குழுவில் கேட்டேன். ஒருத்தன் "எல்லாத்தையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடு" என்கிறான். இன்னொருத்தன் "முதலில் மேனுவலைப் படி" என்கிறான். படிக்காமலா ரெண்டு வருசமா ஓட்டுதேன்? ஆத்திரம் ஆத்திரமா வருது. மார்ச்சோட காப்பி எடுத்தது சரி, அதுக்கப்புறம் வரைஞ்சது எண்பதாவது உள்ள கெடக்கு. அது என் சோம்பேறித்தனம், ஒத்துக்கிடுதேன்.

மாமா கீழே இருந்தே சத்தம் போட்டார்: "சாயிரா, செவ்வாக்கெழம வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல மன்சூர் அலிய வரச்சொல்லி விண்டோஸ் போட்டுட வேண்டியதுதான். டிசைன் வேலையும் இனி அவன்கிட்டயே குடுத்துருவோம்."

மன்சூர் அலி மாஹிமில் டிசைன் போட்டுக் கொடுக்கிறவர். அவர் வந்தால் டிஸ்கை ஃபார்மட் செய்வார். டிசைன்களும் போகும், இந்த நாற்காலியும் போகும். அப்புறம் நான் யாரு இங்க? டீ போட்டுக் குடுக்கிற மருமவ மட்டுந்தானா? — விடமாட்டேன்.

6 ஜூலை, ஞாயிறு

தௌசீப் மச்சான் மெதுவாக, "விண்டோஸே போட்டுருவோமா?" என்றார். அந்த யோசனையிலேயே சால்னாவில் உப்புப் போட மறந்துவிட்டேன்.

7 ஜூலை, திங்கள்

ரெக்கவரி மோடில் நுழைந்துவிட்டேன். ஃபைல்கள் பத்திரம். அல்ஹம்துலில்லாஹ்!

அப்டேட் செய்ததையெல்லாம் அது வரிவரியாக, நேரம் போட்டு எழுதி வைத்திருக்கிறது. பொறுமையாகப் படித்தேன். கடைசி வரி: வெள்ளி, மதியம் 1:04. பிழை என்று ஒன்றும் இல்லை. எழுதிக்கொண்டே வந்தது சட்டென்று நிற்கிறது.

ஒன்று நாலுக்கு என்ன?

மாமா எல்லாரையும் ஜும்மாவுக்கு அனுப்பிவிட்டு, மெயின் ஸ்விட்சை அணைத்து, ஷட்டரை இறக்குகிற நேரம். பக்கத்துச் சந்தில் ஷார்ட் சர்க்யூட்டில் ஒரு பட்டறை எரிந்ததிலிருந்து, ஆளில்லாத இடத்தில் கரண்ட் இருக்கக்கூடாது என்பது அவர் சட்டம். எனக்குத் தெரியாததா? தினமும் சாயங்காலம் அதற்காகத்தானே கம்ப்யூட்டரை ஒழுங்காக அணைத்துவிட்டு இறங்குகிறேன்! வெள்ளிக்கிழமை மட்டும் புத்தி எங்கே போயிற்று? மூன்று நாளாக லினக்ஸைத் திட்டித் தீர்த்தேனே, பாவம்.

போன் நெட்டை ஒயர் வழியாகக் கொடுத்து, விட்ட இடத்திலிருந்து முடிக்கச் சொன்னேன். இருபது நிமிஷம் எழுத்தாக ஓடியது. ரீஸ்டார்ட். வந்துவிட்டது! வைஃபை வரவில்லை. வராது, தெரியும். எல்லா டிசைனையும் இரண்டு பென்டிரைவில் எடுத்த பிறகுதான் தண்ணீர் குடித்தேன்.

மாமாவிடம் காரணத்தைச் சொல்வதா? சரியாகிவிட்டது என்று மட்டும் சொன்னால் போதும்தான். ஆனால் பழி லினக்ஸ் மேலேயே நிற்கும். அடுத்த தடவையும் மன்சூர் அலி பேச்சு வரும். சொல்லிவிட வேண்டியதுதான்.

8 ஜூலை, செவ்வாய்

காலையிலேயே மன்சூர் அலி பையோடு வந்துவிட்டார். கீழே இறங்கிப் போய் நின்றேன்.

"மாமா, கம்ப்யூட்டர் ஓடுது. அதுல ஒரு பழுதும் இல்ல. நீங்க மெயின அமத்துவீங்கன்னு தெரிஞ்சும் நாந்தான் அப்டேட்ட ஓடவிட்டுட்டுப் போயிட்டேன். தப்பு என்னுது."

மன்சூர் அலி சிரித்தார். அவருக்கு நான் பாபி, அதாவது அண்ணி. "எதுக்கு பாபி இவ்ளோ பாடு? விண்டோஸ்ல இந்த ஜன்ஜட், இந்தத் தொல்லையே கெடையாது."

எனக்குச் சுருக்கென்றது. "பாதி அப்டேட்ல கரண்ட் போனா உங்க விண்டோஸ் மட்டும் எந்திரிச்சு ஓடுமா, பாய்?"

மாமா முன்னால் அப்படிக் கேட்டிருக்கக்கூடாது. கேட்டுவிட்டேன்.

மாமா என் கையிலிருந்த பென்டிரைவை வாங்கி மெஷினில் செருகினார். ஒரு சின்னம் தைத்து முடியப் பதினொரு நிமிஷம். மூன்று பேரும் நின்றுகொண்டே இருந்தோம். துணியை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"டீ குடிச்சிட்டுப் போ மன்சூரு" என்றார். அவ்வளவுதான்.

9 ஜூலை, புதன்

வைஃபை வந்தது. ஐம்பது நிமிஷம்!

16 ஜூலை, புதன்

அறுநூறும் போன வாரமே செம்பூர் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒன்றுகூடத் திரும்பவில்லை.

ஆர்டர் கொடுக்கிற பார்ட்டிகளோடு இதுவரை மாமாதான் பேசுவார். அவர்கள் சொன்னதில் பாதியை மறந்துவிட்டு மீதியை எனக்குச் சொல்வார். இன்று ஒரு புதுப் பார்ட்டி. கீழே மாமாவின் ஹிந்தி கேட்டது. டிசைன் விஷயம் தனக்குத் தெரியாதாம், அதையெல்லாம் "ஹமாரா மேடம்", எங்கள் மேடம், பார்க்கிறாராம். யார் அந்த மேடம் என்று ஒரு நிமிஷம் எனக்கே புரியவில்லை. எட்டிப் பார்த்தால், முட்டுவலிக்காரர் ஏணியில் நாலு படி ஏறி நின்று போனை மேலே நீட்டிக்கொண்டிருக்கிறார்.

"பிடிம்மா, கை வலிக்கி."

வாங்கினேன். "ஹாங் சேட், போலியே" என்று விஷயத்தைச் சொல்லச் சொன்னேன். மறுகையால் நோட்டையும் பேனாவையும் இழுத்துவைத்துக்கொண்டேன்.