ஐந்தாம் இலக்கம்

1976 பெப். 17, செவ்வாய்

காலையில் கடும் பனி. ஸ்காபரோவிலிருந்து இரண்டு பஸ், ஒரு சப்வே ரயில். கால்விரல் பத்தும் மரத்துப்போய், கடைக்குள் வந்தும் அரைமணி நேரம் மெஷினில் உட்கார முடியவில்லை.

வேலை: ஐஸ் ஹொக்கி ஜேர்சி பதினொன்று. கிழிசல் ஏழு, இரத்தக்கறை மூன்று, கொலர் ஒன்று.

வழக்கம்போல அதிகம் கிழிந்தது ஐந்தாம் இலக்கம். கென்னுடையது. டிஃபென்ஸ்காரர். கோல் போடுவது அவர் வேலை இல்லை. போட வருகிறவனை மறித்து விழுத்துவது, பறந்து வருவதை உடம்பால் தடுப்பது. பதினான்கு வருடமாக இதே பிழைப்பு. பேப்பரில் பெயர் வராது. முன்பல் நான்கு இல்லை. புது ஜேர்சி கொடுத்தாலும் வேண்டாம் என்பார், நான் தைத்த பழையதுதான் வேண்டும். அணியில் வேறு யாரும் இந்தத் தையல்கடை வாசலை மிதித்ததில்லை.

காலையில் என் வீட்டுக்காரருக்குச் சாப்பாடு கட்ட மறந்துவிட்டேன். மனிதர் வகுப்பில் பட்டினி. நல்ல மனைவி!

பெப். 19, வியாழன்

பனி இல்லை. வெறும் குளிர்.

முதலாளி ஐந்தாம் இலக்கத்தோடு வந்து என் பக்கம் குனிந்தார். முதுகில் இருக்கும் பெயரைப் பிரிக்க வேண்டுமாம். இலக்கம் அப்படியே இருக்கட்டும், மேலே புதுப் பெயர். சனிக்கிழமை ஆட்டத்துக்கு வேண்டும். கென்னை எங்கோ ஒரு சின்ன ஊர் அணிக்கு அனுப்புகிறார்கள். முப்பத்தாறு வயது, முழங்காலும் போய்விட்டது.

"அவனுக்கு இன்னும் தெரியாது. சனி காலமைதான் சொல்லப்போகினம். நீ வாயைத் திறந்தியோ, அணியின்ர வேலை முழுக்க எங்களை விட்டுப் போயிடும். உன்ர வேலையும்தான்."

(அவர் சொன்னது இங்கிலீஷில். இந்தக் கொப்பியில் எல்லோரும் என் தமிழ்தான் பேசுகிறார்கள்.)

எட்டு எழுத்து. ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஊசித் துளைகள் அப்படியே தெரிந்தன. நகத்தால் தேய்த்து, ஸ்டீம் அயர்ன் போட்டு அழுத்தினேன். ஒரு மனிதருக்கு வேலை போனது அவருக்கு முன்னால் தையல்காரிக்குத் தெரிகிறது. என்ன உலகமோ.

இரவு வீட்டில் சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன்.

"உமக்கேன் உந்த வில்லங்கம்? பேசாமல் இரும்."

"அந்த மனுசன் பாவமப்பா."

"பாவம்தான். என்ர படிப்பு முடியமுதல் உம்மட வேலையும் போனா, நாங்களும் பாவம்."

அவர் சொன்னதில் பிழை இல்லை. அதுதான் எரிச்சல்.

பெப். 20, வெள்ளி

மதியம் கென் வந்துவிட்டார். புதுப் பெயரில் மூன்று எழுத்து தைத்து முடிந்திருந்தது. சட்டென்று மேலே ஒரு துணியை இழுத்துப் போட்டேன்.

"என்ர சட்டை முடிஞ்சுதோ?"

"நாளைக்கு விளையாடுற இடத்துக்கே அனுப்புவினம்."

பொய் இல்லை. ஆனால் பொய்தான்.

போகாமல், கடைப் போனைக் கேட்டு வாங்கினார். தாயோடு கதைக்க. தாய் வடக்கே ஒரு சுரங்க ஊரில், தனியாக. இரண்டு கண்ணிலும் புரை. மகன் இங்கே விளையாடி ஒரு நாளும் பார்த்ததில்லை, பயணம் பயம். இந்தமுறைதான் சம்மதித்தாராம். கென்னின் முகம் சின்னப் பிள்ளையின் முகம்.

"பின்னேரம் ரயில் ஏறுங்கோ அம்மா. ஓம், நாளைக்கு நான் விளையாடுறன். ஐந்தாம் இலக்கம். பேரை வாசிக்க வேண்டாம், பெரிசா நம்பர் இருக்கும். அதைப் பாத்துக்கொண்டிருங்கோ."

எனக்கும் போனுக்கும் நடுவில் ஒரு மேசைதான். 'வரச்சொல்லாதீர்கள்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். முதலாளி கவுண்டரிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். சொல்லவில்லை.

கென் போனபின் மிச்ச எழுத்துகளைத் தைத்தேன். கோழை. வேறு பெயர் இல்லை இதற்கு.

பெப். 21, சனி

லீவு. உடுப்புத் தோய்த்தது. மீன். புளி முடிந்துவிட்டது, எங்கே போய் வாங்குவது?

ரேடியோவில் ஆட்டம். புதியவனின் பெயரை நாலு தரம் சொன்னார்கள். நிற்பாட்டிவிட்டேன். தாய் வந்திருப்பாரா? அழுதேன். இவர் தேத்தண்ணி போட்டுத் தந்தார்.

பெப். 23, திங்கள்

சேறும் பனியும்.

கென் ஒரு பெரிய பையோடு வந்தார், விடைபெற. மூன்றரைக்கு பஸ். அவர் வாய் திறக்குமுன் நானே சொல்லிவிட்டேன்.

"வியாழக்கிழமையே எனக்குத் தெரியும். உங்கட சட்டை இந்த மேசையிலதான் கிடந்தது."

பையை இறக்கி வைத்துவிட்டு, மெஷின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நீங்கள் சொல்லியிருந்தா, அம்மாவை வரவேண்டாம் எண்டிருப்பன்."

அது கோபமா, வேறு ஏதாவதா, அப்போது எனக்கு விளங்கவில்லை. மெதுவாகச் சொன்னார். சனி காலை அணிக்காரர் கூப்பிட்டுச் சொன்னபோது தாய் வந்து இறங்கிவிட்டாராம். சொல்ல வாய் வரவில்லை. தாயைக் கொண்டுபோய் சீட்டில் இருத்திவிட்டு, உடுப்பு மாற்றப் போகிறேன் என்று வெளியே வந்து, கடைசி வரிசைக்குப் பின்னால் போய் நின்றாராம். ஆட்டத்தைப் பார்க்கவில்லை. தாயைத்தான். ஐந்தாம் இலக்கம் கிட்ட வரும்போதெல்லாம் தாய் எழும்பி நின்று கைதட்டினாராம்.

முடிந்து வெளியே வந்ததும் தாய் அவருடைய கன்னம் இரண்டையும் பிடித்துக்கொண்டு, "இருபது வயசில ஓடினமாதிரியே ஓடினாய் மோனே" என்றாராம்.

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"ஓம் அம்மா, இண்டைக்கு முழங்கால் நோகேல்லை எண்டன்."